விரதம் யாருடையது?

பனமலை ஏரியை ஒட்டிய குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் எழுப்பியது. சுவரில் எஞ்சி நிற்கும் பார்வதி ஓவியத்தைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் படியேறுகிறார்கள். ஆனால் இந்த வட்டாரம் சைவத்துக்கு மட்டும் உரியதன்று. செஞ்சிப் பக்கம் போனால் திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். அதற்கப்பால் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். திண்டிவனத்தைச் சுற்றிய ஊர்களில் நயினார் என்று அழைக்கப்படும் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. தெற்கே கடலூர் மாவட்டத்தில், வள்ளலார் 1867-இல் சத்திய தருமசாலையைத் தொடங்கிய வடலூர். ஊன் உண்ணாமையை அறமாகக் கொண்ட மூன்று மரபுகள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன.

இப்படி ஊன் உண்ணாத ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வந்து சேர்ந்தால் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி எழும். அதற்கு என்ன வாங்கிப் போடுவது? பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழ் அற நூல்கள் வாதாடிவந்த வழக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது.

மற்ற வீடுகளில் இந்த முடிவு விரைவாக எடுக்கப்படுகிறது. குட்டியைக் கொடுத்தவர் எதைப் போட்டாரோ அதையே தொடர்வார்கள். கால்நடை மருத்துவர் ஒரு பெயரைச் சொன்னால் அது. கடைக்காரர் மூட்டையைப் பிரித்து லூஸில் நிறுத்துத் தருவது கட்டுபடியானால் அது. நாய் முகர்ந்துவிட்டு நகர்ந்தால் அடுத்த முறை வேறு. பலர் பெட் ஷாப் பக்கமே போவதில்லை. பிராய்லர் கடையில் கோழிக் கழுத்தும் காலும் மலிவாக வாங்கி, மஞ்சள் போட்டு, சோற்றோடு வேகவைத்துவிடுவார்கள். விலை, பழக்கம், வாசனை, மருத்துவர் சொல் ஆகிய நான்கும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

ஊன் உண்ணாத வீட்டுக்காரர் மட்டும் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கத்தைப் படிக்கிறார். அங்கே பொடி எழுத்தில் இருப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். சாதாரண நாய் உணவு என்றால் புரதம் குறைந்தது 20 சதவீதம், கொழுப்பு 10 சதவீதம், நார்ச்சத்து 5 சதவீதத்துக்கு மிகாமல், ஈரம் 12 சதவீதத்துக்கு மிகாமல் என்கிற அளவில் இருக்கும். கீழே சேர்மானப் பட்டியல். தானியங்களும் தானியத்தின் உபபொருள்களும் முதலில் வரும். அடுத்து கோழியும் கோழியின் உபபொருள்களும், பிறகு சோயா, எண்ணெய், உப்புகள், வைட்டமின்கள். கடையில் இருக்கும் உருண்டையில் பெரும்பங்கு சோளமும் அரிசியும் கோதுமையும்தான். ஆனாலும் அந்த இரண்டாவது சொல்லில் கண் நின்றுவிடுகிறது. கோழி. வாழ்நாள் முழுவதும் பணம் கொடுத்து வாங்காத ஒன்றை இப்போது மாதாமாதம் வாங்க வேண்டும்.

இந்தச் சங்கடம் புதியது. பழைய கிராமத்து வீட்டில் இது எழவே இல்லை. நாய்க்கு வடித்த கஞ்சியும் மிஞ்சின சோறும் கிடைத்தன. அது தெருவில் போய் எதைத் தின்றது என்று யாரும் கேட்டதில்லை. பூனைக்குக் கொஞ்சம் பாலும் மோர்ச்சோறும் வைத்தார்கள். நெற்குதிரைச் சுற்றித் திரிந்த எலியை அது தானே பார்த்துக்கொண்டது. வீட்டுக்காரர் கொடுத்தது சைவம். மிருகம் தேடிக்கொண்டது அதன் இயல்பு, அதன் கணக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு வாசற்படி இருந்தது. 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் இறைச்சி கலந்த நாய் பிஸ்கட்டை விற்கத் தொடங்கியபோது ஆரம்பித்த வணிகம் இன்று திண்டிவனம் கடைத்தெரு வரை வந்து, அந்த வாசற்படியை எடுத்துவிட்டது. நாய் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது. பூனை இரண்டாம் மாடியிலிருந்து இறங்குவதில்லை. அவை உண்ணும் ஒவ்வொரு வாயும் உரிமையாளரின் பணப்பையிலிருந்து வருகிறது. வேட்டை விலங்கின் வேலையாக இருந்தவரை அதில் மனிதருக்குப் பங்கில்லை. கொள்முதலாக மாறிய பிறகு பங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

வாங்குகிறவரின் பங்கைத் தமிழில் முதலில் கூர்மையாகச் சொன்னவர் வள்ளுவர். புலால் மறுத்தல் அதிகாரத்தில், 256-ஆம் குறளில், அவர் கசாப்புக்காரரை நோக்கிப் பேசவில்லை. தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்காக ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்கிறார். கத்தி யார் கையில் இருந்தாலும், அதை இயக்குவது கேட்பவரின் தேவை என்ற சந்தைக் கணக்கு அதில் இருக்கிறது. செத்ததைத்தானே தின்கிறோம், நாங்கள் கொல்லவில்லையே என்ற சமாதானத்துக்கு அது பதில். நீலகேசியும் இதே இடத்தில்தான் பௌத்தரோடு மோதுகிறது. தனக்கென்று கொல்லப்படாத ஊனை ஏற்பதில் குற்றமில்லை என்ற பௌத்த நிலையை அந்தச் சமணக் காப்பியம் விடாமல் குறுக்கு விசாரணை செய்கிறது.

இன்றைய செல்லப்பிராணி உரிமையாளர் அந்தப் பௌத்தரின் வாதத்தையே வேறு உருவில் சொல்கிறார். நாய் உணவில் போவது மனிதர் தின்னாத மிச்சம்தானே. நுரையீரல், குடல், எலும்பில் ஒட்டிய சதை. கோழி எப்படியும் மனிதருக்காகக் கொல்லப்பட்டது. மிச்சத்தை வாங்குவதால் ஒரு கோழியும் கூடுதலாகச் சாகாது என்பது வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. மிச்சத்துக்கும் விலை கிடைக்கிறது என்றால் கோழி வளர்ப்பின் வரவு கூடுகிறது, தொழில் பெருகுகிறது. அமெரிக்காவில் கால்நடை உற்பத்தியால் சுற்றுச்சூழலுக்கு நேரும் பாதிப்பில் 25 முதல் 30 சதவீதம் அங்குள்ள நாய், பூனைகளின் உணவால் வருவது என்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கிரிகரி ஓகின் 2017-இல் கணக்கிட்டார். மிச்சம் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவு அல்ல அது.

வள்ளலார் இன்னும் நேராகப் பேசுகிறார். பசி தீர்ப்பதையே வழிபாட்டுக்கு மேலாக வைத்தவர் அவர்; வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சீவகாருணிய ஒழுக்கத்தை விளக்கும் உரைநடையில், ஓர் உயிரைக் கொன்று அந்த ஊனால் மற்றோர் உயிரின் பசியைத் தீர்ப்பது காருணியமே ஆகாது என்று அறுதியிட்டுச் சொல்லியிருக்கிறார். பசித்த உயிர் மீது இவரைப்போல் இரங்கியவர் தமிழில் குறைவு. அவரே அந்த வாசலை மூடுகிறார் என்பதை அவர் வழி நடக்கும் சன்மார்க்க வீட்டுக்காரர் எளிதாகத் தாண்டிப் போக முடியாது.

அப்படியானால் ஊன் உண்ணும் விலங்கை என்ன செய்வது? டெல்லியில் இந்தக் கேள்வி ஒரு கட்டடமாகவே நிற்கிறது. செங்கோட்டைக்கு எதிரே திகம்பர லால் மந்திர் வளாகத்தில் சமணர்கள் நடத்தும் பறவை மருத்துவமனை இருக்கிறது. மாஞ்சா நூல் அறுத்த புறாக்கள், மின்விசிறியில் அடிபட்ட குருவிகள், கிளிகள் என்று அங்கே தொண்டு மனத்தோடு காசு வாங்காமல் சிகிச்சை தருகிறார்கள். தானியம் தின்னும் பறவைகளை உள்ளே தங்கவைத்துக் குணமாக்குவார்கள். கழுகு, பருந்து போன்றவற்றை உள்ளே தங்கவைக்கமாட்டார்கள். புறநோயாளிபோல் பார்த்து அனுப்புவது அங்கே பழைய வழக்கம். தங்கவைத்தால் இறைச்சி போட வேண்டும். அதை அந்த வளாகத்துக்குள் கொண்டுவர முடியாது.

அதே டெல்லியில் நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் என்ற சகோதரர்கள் இளவயதில் அடிபட்ட கரும்பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போனபோது, அது ஊனுண்ணி என்பதால் சேர்க்க மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிற்பாடு அவர்களே பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான பருந்துகள் அவர்கள் கையால் பிழைத்திருக்கின்றன. அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்ற ஆவணப்படம் 2022-இல் சன்டான்ஸ் விழாவிலும் கேன் விழாவிலும் பரிசு பெற்றது. மருத்துவமனையையோ சகோதரர்களையோ இங்கே குறை சொல்ல இடமில்லை. மருத்துவமனை தன் விரதத்தைக் காத்தது. அந்த விரதத்தால் தாங்க முடியாத உயிரை, விரதம் இல்லாத கைகள் தாங்கின. பருந்தைத் தங்கவைத்துவிட்டுச் சோளம் போட்டிருந்தால்தான் அது கொடுமையாகியிருக்கும். அதை அந்தச் சமணர்கள் செய்யவில்லை.

பருந்து என்றதும் சிபி நினைவுக்கு வராமல் போகாது. சோழர்கள் தங்களைச் செம்பியர் என்று சொல்லிக்கொண்டது அவன் வழிவந்தவர்கள் என்ற நம்பிக்கையால். தஞ்சம் புகுந்த புறாவை அவன் காத்தான் என்பதையே எல்லோரும் சொல்வார்கள். துரத்தி வந்த பருந்தின் வாதத்தைச் சொல்வது அரிது. மகாபாரதத்தில் அது மன்னனிடம் நியாயம் கேட்கிறது. புறா எனக்கு விதிக்கப்பட்ட இரை. அதை நீ பறித்தால் நானும் என் குஞ்சுகளும் சாவோம். ஓர் உயிரைக் காக்கப் பல உயிரை அழிப்பது என்ன தர்மம்? மன்னன் இந்த வாதத்தைத் தள்ளவில்லை. தானியம் தின்று பிழைத்துக்கொள் என்று பருந்துக்குப் புத்தி சொல்லவும் இல்லை. பருந்தின் பசி நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, விலையைத் தன் தொடையிலிருந்து அறுத்துக் கொடுத்தான். தன் கொள்கையின் செலவைத் தானே ஏற்றான் என்பதே அந்தக் கதையின் உயிர்.

சமண மரபிலும் இதற்கு இணையான கதை உண்டு; அது இன்னும் ஆழமாகத் தைக்கிறது. மகாவீரர் முற்பிறவிகளில் ஒன்றில் சிங்கமாகப் பிறந்திருந்தார் என்று திகம்பரப் புராணங்கள் சொல்கின்றன. தமிழ்ச் சமண வீடுகளில் படிக்கப்படும் ஸ்ரீபுராணம் அந்த வழியில் வந்த நூல். மானைக் கொன்று தின்ன இருந்த சிங்கத்தின் முன் முனிவர்கள் வந்து, அது யார் என்பதை நினைவூட்டுகிறார்கள். சிங்கத்தின் கண்ணில் நீர் வழிகிறது. அது கொல்லாமை விரதம் ஏற்கிறது. ஊனைத் தவிர வேறு உணவு இல்லாத உடம்பு என்பதால் உணவையே துறந்து, பட்டினி கிடந்து உயிர்விட்டு, தேவனாகப் பிறக்கிறது.

இந்தக் கதையைத்தான் சைவப் பூனைக்கு ஆதரவாகச் சிலர் காட்டக்கூடும். ஆனால் கதை அதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. புல் தின்றால் சிங்கம் பிழைத்துக்கொள்ளும் என்று புராணகாரர் எழுதவில்லை. ஊனை விட்டால் அது சாகும் என்று அறிந்தே எழுதினார். அந்தச் சாவை ஏற்றது சிங்கம். முனிவர்கள் அதைக் கூண்டில் அடைத்துச் சோறு போடவில்லை. அவர்கள் சொன்னார்கள், அது உணர்ந்தது, அது முடிவெடுத்தது. விரதத்துக்கு வேண்டியது உணர்வும் சம்மதமும். திருநாதர்குன்றுப் பாறையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த இடம் என்று பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு. இளையபடாரர் என்பவர் 30 நாள் நோற்றதாக இன்னொன்று. நோற்றவர் பெயரும் நாளும் பொறிக்கப்பட்டதற்குக் காரணம், அது அவர் தாமே ஏற்ற நோன்பு என்பதுதான். இன்னொருவரை 57 நாள் பட்டினி போட்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு.

சீவக சிந்தாமணியில் ஒரு நாய் வருகிறது. அந்தணர்களின் சோற்றில் வாய் வைத்ததற்காக அடிபட்டு, குற்றுயிராகக் கிடக்கிறது. சீவகன் அதன் காதில் ஐந்தெழுத்து மந்திரம் அல்ல, சமணரின் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். நாய் இறந்து சுதஞ்சணன் என்ற தேவனாகிறது. பின்னாளில் சீவகனுக்கு உற்ற துணையாக வருகிறது. அந்தக் காப்பியத்தைப் பாடிய திருத்தக்கதேவர் அந்த நாயிடம் எந்த ஆசாரத்தையும் எதிர்பார்க்கவில்லை. என்ன தின்றது என்று கேட்காமல், எப்படி வலித்தது என்று மட்டும் பார்க்கிறான் காப்பியத் தலைவன்.

நூல்களை இங்கே நிறுத்திவிட்டு உடம்பைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கேள்வியில் நாயும் பூனையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

நாய் மனிதனோடு சேர்ந்தே சோற்றுக்குப் பழகிய விலங்கு. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவொன்று ஓநாய்க்கு இரண்டு படிகள் இருக்க, நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருப்பதாக ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். சிப்பிப்பாறையும் கோம்பையும் நம் தெரு நாயும் தலைமுறை தலைமுறையாகக் கூழும் சோறும் உண்டே வளர்ந்தவை. ஆனால் வெறும் தயிர்ச்சோறு போதாது. புரதமும் கால்சியமும் துத்தநாகமும் சில வைட்டமின்களும் கணக்கோடு சேர வேண்டும். பெடிகிரி, டிரூல்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தியாவில் சைவ நாய் உணவு விற்கின்றன. நாய்களுக்கு ஊனில்லா உணவை எதிர்த்துவந்த பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கம், சத்து சரியாக இருந்தால் எதிர்ப்பில்லை என்று 2024-இல் நிலையை மாற்றிக்கொண்டது. அதே சமயம் பருப்பும் பட்டாணியும் மிகுந்த, தானியமில்லா உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணை தொடங்கியதையும் மறக்கக் கூடாது. சைவ உணவுக்கு மாறும் நாயை மருத்துவர் அவ்வப்போது பார்த்தாக வேண்டும். சமண அடுக்களைக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. அவற்றை விலக்கிய வீட்டுச் சோற்றில் அந்த ஆபத்து இல்லை.

பூனை வேறு. அதன் உடம்பு ஊனை நம்பியே அமைந்தது. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு அதனால் தானே செய்துகொள்ள முடியாது; தாவரங்களில் அது ஏறக்குறைய இல்லை. கேரட்டில் இருக்கும் நிறமியை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வதுபோல் பூனையால் முடியாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை அழிகிறது என்று 1975-இலும், இதயம் விரிந்து பலமிழக்கிறது என்று 1987-இலும் ‘சயன்ஸ்’ இதழில் ஆய்வுகள் வந்தன. இரண்டாவது ஆய்வில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர்கள் கண்டது இன்னும் கவலைக்குரியது. கடையில் விற்ற உணவை உண்ட பூனைகளே அந்த இதய நோய்க்கு ஆளாகியிருந்தன. டாரின் கொடுத்ததும் தேறின. அதன் பிறகுதான் நிறுவனங்கள் பூனை உணவில் டாரினின் அளவைக் கூட்டின.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். உணவில் சேர்க்கப்படும் டாரின் இன்று ஆலையில் வேதிமுறையில் செய்யப்படுகிறது. ஆகவே ஊனில்லாமலேயே பூனை உணவு தயாரிக்க முடியும் என்போர் உண்டு. மேல்நாடுகளில் விற்கவும் செய்கிறார்கள். 1,369 பூனைகளின் உரிமையாளர்களைக் கேட்டு ஆண்ட்ரூ நைட் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஊனில்லா உணவுப் பூனைகள் மோசமாக இல்லை என்றே உரிமையாளர்கள் சொன்னார்கள். ஆனால் அது உரிமையாளரின் சொல். இதயத்தை அளந்து பார்த்த முடிவல்ல. அமெரிக்காவில் விற்ற இரண்டு ஊனில்லாப் பூனை உணவுகளை 2004-இல் சோதித்தபோது இரண்டிலுமே பல சத்துகள் குறைந்திருந்தன. நாய் விஷயத்தில் இறங்கிவந்த பிரிட்டிஷ் சங்கம் பூனை விஷயத்தில் இன்னும் வேண்டாம் என்றே சொல்கிறது. நம் ஊர்க் கடைகளில் பூனை உணவு அடுக்கைப் பார்த்தால் சூரையும் கானாங்கெளுத்தியும் கோழியும்தான். அந்த நிலையில் பூனைக்குப் பாலும் சோறும் மட்டும் கொடுத்து வீட்டுக்குள் அடைப்பது என்பது, மெல்ல மெல்ல அதன் கண்ணையும் இதயத்தையும் எடுத்துக்கொள்வது.

கண்ணப்பரை நினைக்கலாம். தான் உண்பதில் சிறந்ததை, தன் வாயால் சுவை பார்த்து, இறைவனுக்குப் படைத்தார்; காளத்தியப்பன் ஏற்றான். பூனைக்கு நெய்ச்சோறு பிசைந்து வைக்கும் சைவ வீட்டு அம்மாவின் அன்பும் அதே வகைதான். தன்னிடம் இருப்பதில் சிறந்ததைக் கொடுக்கிறாள். ஆனால் இறைவனுக்கு வயிறு இல்லை. அன்பை மட்டும் ஏற்றுக்கொண்டு பொருளை விட்டுவிட அவனால் முடியும். பூனையால் முடியாது.

யசோதர காவியம் இதை இன்னொரு பக்கத்திலிருந்து தொடுகிறது. யசோதர மன்னனும் அவன் தாயும் உயிருள்ள சேவலுக்குப் பதில் மாவால் செய்த சேவலைப் பலியிடுகிறார்கள். ஓர் உயிரும் சாகவில்லை. ஆனாலும் அந்த வினை துரத்த, மன்னன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து பிறவிதோறும் அல்லல்படுகிறார்கள். கொல்லும் எண்ணமே கொலை என்பது கருத்து. அப்படி எண்ணத்தையே அளவுகோலாக வைத்தால், பூனையைக் காப்பாற்ற மீன் வாங்குபவரின் எண்ணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் அல்லவா? சமண நூல்கள் இல்லறத்தாரின் இம்சையை வகைபிரித்து, நினைத்துச் செய்யும் சங்கல்ப இம்சையைக் கட்டாயம் விலக்கச் சொல்கின்றன; சமையல், உழவு, தொழில், தற்காப்பு இவற்றில் நேர்வதைக் குறைக்கச் சொல்கின்றன. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பூனைக்கு ஊன் வாங்குவது எந்த வகை? கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. ஆனால் தெரிந்தே செய்வது. தெருவில் தாயிழந்து கிடந்த குட்டியை எடுத்து வந்தவர் ஒரு பக்கம். ஆசைப்பட்டு, காசு கொடுத்து, பாரசீகப் பூனை வாங்கியவர் மறுபக்கம். முன்னவர் கையில் ஓர் உயிர் வந்து விழுந்தது. பின்னவர் அந்தத் தேவையையே புதிதாக உண்டாக்கினார். இருவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

ஆகவே தவறு நடப்பது உணவு வாங்கும் கடையில் அல்ல. அதற்கு மாதங்களுக்கு முன், குட்டியைத் தூக்கி மடியில் வைத்த நாளில். ஊனை வாசலுக்குள் விடாத வீடு பூனை வளர்க்கக் கூடாது என்பதே சரியான முடிவு. அந்த வீடு நாய் வளர்க்கலாம். சத்துக் கணக்கும் மருத்துவர் கண்ணும் கூட இருந்தால் நாய் அந்த வீட்டின் விரதத்தோடு ஒத்து வாழும். முயலும் பசுவும் இன்னும் எளிது. ஏற்கெனவே பூனை இருக்கிறது என்றால் இரண்டே வழிகள். ஊன் உணவை வாங்கி, அதற்குரிய மனக்கசப்பைத் தாமே சுமப்பது. அல்லது, டெல்லி மருத்துவமனைபோல், தம்மால் தாங்க முடியாததைத் தாங்கக்கூடிய நல்ல வீட்டுக்கு அதைக் கொடுத்துவிடுவது. மூன்றாவது வழியாக, பூனையின் உடம்பிலிருந்து விரதத்தின் விலையை வசூலிப்பது, சிபியின் தொடைக்குப் பதில் புறாவின் தொடையை அறுப்பதாகும்.

வள்ளலாரின் வாக்கு இதனால் பொய்யாகவில்லை. கொன்று ஊட்டுவது காருணியம் அல்ல என்றார்; அதை ஏற்பவர், கொன்று ஊட்ட வேண்டிய உறவைத் தேடிப் போகாதிருக்கலாம். பசித்து மெலியவிடுவது காருணியம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இந்தக் கேள்வி இனிமேல் கூடுமே தவிரக் குறையாது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அடுக்குமாடிகள் வருகின்றன, பிள்ளைகள் குட்டி கேட்கிறார்கள், பெற்றோர் மனம் இளகுகிறது. மேல்சித்தாமூர் மடத்திலும் வடலூர்ச் சபையிலும் சைவ மடங்களிலும் உணவு ஒழுக்கத்தின் எத்தனையோ நுட்பங்களைப் பெரியவர்கள் விளக்கிச் சொல்கிறார்கள். வீட்டு விலங்கின் தட்டில் என்ன வைப்பது என்பதையும் அவர்கள் எடுத்துப் பேச வேண்டும். கால்நடை மருத்துவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும். அதுவரை, பூனைக்குட்டி கேட்டு அழும் பிள்ளையிடம் ஊனுண்ணாத வீட்டுப் பெற்றோர் காரணத்தை மறைக்காமல் சொல்லலாம். அந்த வயதிலேயே பிள்ளைக்கு அது விளங்கும்.